ஒரு சுற்றுக்கு ஒரே வேலை

வீடு,
ஆறாம் தேதி, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் உன் கப்பலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். முதலில் நீ, அப்புறம் கப்பல். போன துறைமுகத்தில் இறங்கியபோது மூன்று நிமிடம் போனில் பேசினாய். அதில் இரண்டு நிமிடத்தை "சரி சரி" என்றே ஓட்டிவிட்டாய். அதனால்தான் கடிதம். கடிதத்திடம் சரி சரி என்று சொல்லிவிட்டு வைக்க முடியாது பார்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்து நாள் டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு டிவி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால், "பாக்கத்தானே கூடாதுன்னாரு, கேக்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்கிறாள். உன் வாய் யாரிடமிருந்து வந்தது என்று இனி யாரும் ஆராய வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான செய்தி. குகையை ஜெயித்துவிட்டோம்!

நீ இங்கே சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்த காலத்தில், சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களை உட்கார வைத்து, ஆளுக்கொரு வேஷம் கொடுத்துப் பகடை உருட்டும் அந்த ஆட்டத்தை நடத்துவாயே, எத்தனை தடவை அந்தக் குகைக்குள் போய் ஐந்து பேரும் செத்திருப்போம்! புத்தகத்தில் 'கிளாஸ்' என்று இருந்ததை, நம் ஆட்களுக்குப் புரியட்டும் என்று நீ 'தொழில்' ஆக்கினாய். ஐந்து தொழில், ஐந்து பேர். ஒவ்வொன்றுக்கும் பலம் எவ்வளவு, பார்வை எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நீ கட்டம் போட்டு எழுதிய ஒப்பீட்டுத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். காவலனுக்குப் பார்வை அதிகம், வேகம் இல்லை. உன் மாப்பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. தீயாள்பவனுக்குப் பலம் அதிகம், பொறுமை கிடையாது, அது நீ. வைத்தியர் யாரையும் அடிக்க மாட்டாள், குகைக்குள் முதல் ஆளாகப் போகவும் கூடாது. முதலுதவி அறையில் பஞ்சும் மருந்துமாக இருக்கிற எனக்கு அதைக் கொடுத்தாய். ஒரு ரகசியமும் வாயில் நிற்காத சாய மாஸ்டருக்கு வேவுகாரன் வேஷம். வாசல் காவலாளி மீசைக்காரர் வாள்வீரன்.

நீ கப்பலுக்குப் போனாய். மீசைக்காரருக்கு சனிக்கிழமை ஷிப்ட் மாறிவிட்டது. மிஞ்சியது மூன்று பேர். குகையோ ஐந்து பேருக்கானது. உள்ளே இருக்கிற நாகத்தை ஒரு சுற்று யாரும் பார்க்காமல் விட்டால் கொத்திவிடும், நம்மைக் காக்கும் நெருப்பு வளையத்தை ஒரு சுற்று கவனிக்காமல் விட்டால் அணைந்துவிடும். அதனால் தொழில்களைச் சேர்க்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். இவருக்குக் காவலனும் தீயாள்பவனும் சேர்த்து ஒரே தாள். மாஸ்டருக்கு வேவுகாரனும் வாள்வீரனும். இரண்டு தொழிலிலும் எந்த எண் பெரியதோ அதை எடுத்துக்கொண்டோம்.

அப்படியும் மூன்றாவது சுற்றில் செத்தோம். காரணம் தாளின் அடியில் நீ சிவப்புப் பேனாவில் எழுதி வைத்த வரி: "இரட்டைத் தொழில் எடுத்தவனுக்கும் ஒரு சுற்றுக்கு ஒரே வேலை." நாகத்தைப் பார்த்தால் நெருப்பு அணைகிறது, நெருப்பைக் கவனித்தால் நாகம் கொத்துகிறது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்த வரியை அடித்துவிட்டேன். திட்டாதே. அடித்த பிறகு மூன்றே பேர், அரை மணி நேரத்தில் குகையைத் தாண்டினோம். மாஸ்டர் மேஜையைத் தட்டிக் கத்தியதில் என் டீ கொட்டிவிட்டது.

புது மேனேஜர் அப்போது அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். ஐந்து பேர் வேலையை மூன்று பேர் எப்படி முடித்தீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகத் தாளைக் காட்டினேன். ஒவ்வொரு கட்டமாக விளக்கினேன். அவர் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். "ரொம்ப நல்லா யோசிச்சிருக்கீங்கம்மா" என்றார்.

உன் தீயாள்பவனுக்குப் பதில் மேஜையில் வைத்த கோட் பொத்தான் இன்னும் குகை வாசலில்தான் இருக்கிறது. யாரும் அதை எடுக்கவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். நேற்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பம்ப் அறைக்காரர் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. பாய்லரையும் பம்பையும் இனி ஒருவரே பார்த்துக்கொள்வார், அது உன் இடத்தில் இப்போது பாய்லர் பார்க்கிற இவர். தலைப்பில் "இரட்டைப் பொறுப்பு" என்று போட்டிருக்கிறது. பாய்லர் அறைக்கும் பம்ப் அறைக்கும் நடுவில் முற்றம் எவ்வளவு நீளம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

உன் அன்புத் தங்கை,
வாலு

*

வீடு,
இருபத்தேழாம் தேதி, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டரைப் பக்கம் ஆட்டத்தைப் பற்றி. விதியை அழித்துவிட்டு ஜெயிப்பதற்குப் பெயர் ஜெயிப்பா என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாய்லரைப் பற்றி ஒரே ஒரு வரி: "மாப்பிள்ளையைப் பார்த்து நடந்துகொள்ளச் சொல்." அண்ணா, பதினோரு வருஷம் தண்ணீர் மட்டம் காட்டும் அந்தக் கண்ணாடிக் குழாய் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவன் நீ. ஒன்றுக்குப் போவதானாலும் இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் போவாய். உனக்கு எழுத ஒரு வரிதான் கிடைத்ததா?

எனக்குக் கோபம் வந்ததை மறைக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் கடிதத்தை வாசிக்கும்போது நீயாக இரண்டு வரி விசாரித்ததாகச் சேர்த்துச் சொன்னேன்.

இவர் நடையை எண்ணுகிறார். நூற்றுப் பன்னிரண்டு அடி. காலை பதினோரு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் சாயத்தொட்டி நிரப்ப வேண்டும். போய் வால்வைத் திறந்து, நான்கு நிமிடம் நின்று, மூடிவிட்டு ஓடி வர வேண்டும். அந்த நேரம் பாய்லர் முன்னால் ஆள் கிடையாது. தண்ணீர் மட்டம் கண்ணாடிக்கு மட்டும்தான் தெரியும். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் நீ இருந்தபோதே தட்டினால்தான் ஓடும், இப்போது இரண்டு தட்டு கேட்கிறதாம். இதையெல்லாம் இவர் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். தூக்கத்தில் மட்டும் கால் அசைகிறது.

என் கதையையும் கேட்டுக்கொள். நானும் இரட்டைத் தொழில்காரி ஆகிவிட்டேன். முதலுதவியோடு ஸ்டோரும் என் பொறுப்பு. முதலுதவி அறையைக் காலி செய்து, மருந்துப் பெட்டியை ஸ்டோரின் பின் அலமாரியில் வைத்துவிட்டார்கள். பட்டறைக்கு மறு கோடியில் இருக்கிறது. சாவி என் இடுப்பில். போன வாரம் மாஸ்டர் கையைச் சுட்டுக்கொண்டு என்னைத் தேடி வருவதற்குள் கொப்புளமே வந்துவிட்டது. "வைத்தியர் எங்கேன்னு வேவு பாத்தே என் பாதி உயிர் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சிரித்தேனே தவிர மனசு கேட்கவில்லை. அழித்தது நான்தானே, நானே திரும்ப எழுதிக் காட்டலாம் என்று தோன்றியது. நேற்று சனிக்கிழமை மேனேஜரை ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். சந்தோஷமாக வந்தார். இவருடைய இரட்டைத் தாளை அவர் கையிலேயே கொடுத்தேன். புது சிவப்புப் பேனா வாங்கி, நீ எழுதிய வரியை அதே இடத்தில் எழுதினேன். இதுதான் சார் நிஜமான விதி, நான் தெரியாமல் அடித்துவிட்டேன், இதோடு ஒரு தடவை ஆடிப் பாருங்கள் என்றேன். இரண்டு வேலையை ஒரே ஆள் பார்க்க முடியாது என்பதை எதிரில் உட்கார்ந்து பேச எனக்குத் தைரியம் இல்லை, பகடையை விட்டுப் பேச வைத்தேன்.

நான்கு ஆட்டம் ஆடினோம். மூன்றில் அவர் செத்தார். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி, நெருப்பின் பக்கம் திரும்பிய சுற்றில். ஒரு ஆட்டத்தில் மட்டும் அந்த இருபது முகப் பகடை தொடர்ந்து இருபதே காட்டியது, பிழைத்துக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "முடியாதுன்னு இல்லையேம்மா, நாலுல ஒண்ணு ஜெயிச்சிருக்கேனே. வேகம்தான் பத்தல." வேகக் கட்டத்தில் இருந்த எண்ணைச் சுற்றி என் பேனாவாலேயே ஒரு வட்டம் போட்டார். நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இவர் பகடைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். இனி சனிக்கிழமை வரவில்லை என்றார்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "நான் போனா மீசைக்காரரக் கூப்பிட்டு நிறுத்துவாங்க. அவருக்கு முட்டி வலி, நடக்கவே ஆகாது, எங்கேருந்து ஓடுவாரு" என்கிறார்.

இந்தத் தடவையாவது பாய்லரைப் பற்றி எழுது அண்ணா. உன்னைவிட அதைத் தெரிந்தவர்கள் இங்கே யாரும் இல்லை.

உன் அன்புத் தங்கை,
வாலு

*

வீடு,
பதினோராம் தேதி, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இருபதாம் தேதி உன் கப்பல் கரைக்கு வரும் என்று ஏஜென்ட் ஆபீசில் சொன்னார்கள். இந்தக் கடிதம் அங்கே உனக்காகக் காத்திருக்கும். உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் பாதியில் மடித்துப் பையில் வைத்துவிடுவாய், உன்னைத் தெரியும்.

வியாழக்கிழமை மதியம் இவர் தொட்டி நிரப்பிவிட்டு ஓடி வந்தபோது கண்ணாடியில் தண்ணீரைக் காணோம். மட்டம் குறைந்திருந்தது என்று இல்லை, காணவே காணோம். மோட்டார் நின்று எத்தனை நேரம் ஆனதோ. நீ சொல்லிக் கொடுத்ததை இவர் மறக்கவில்லை. தண்ணீர் தெரியாவிட்டால் தண்ணீர் விடாதே, சிவக்கக் காய்ந்த குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் கட்டடமே மிஞ்சாது, தீயை அணைத்துவிட்டு வெளியே போ. அப்படியே செய்தார். மாஸ்டரையும் பெண்களையும் முற்றத்துக்கு விரட்டினார். நான் ஸ்டோரிலிருந்து ஓடி வந்தபோது இவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். புருவம் ஒரு பக்கம் கருகியிருந்தது. என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். அதை எட்டுத் தடவை சொன்னார்.

மருந்துப் பெட்டியை எடுத்து வரவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேலை அன்று மாலை வரை நின்றது. மேனேஜர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் ஒரு அட்டைப் பெட்டியோடு பாய்லர் அறைக்கு வந்தார். உள்ளே ஓடுவதற்கென்றே செய்த ஷூ, விலை அதிகமானது, இவர் கால் அளவைக் கேட்டு விசாரித்து வாங்கியிருக்கிறார். "உங்க ஆட்டத்துல வேகம் கூட்டற செருப்பு ஒண்ணு இருக்காமே, மாஸ்டர் சொன்னாரு" என்று சிரித்தாராம். மனதாரத்தான் கொடுத்திருக்கிறார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த ஷூ வாசலில் இருக்கிறது. இவர் இன்னும் போடவில்லை. அம்மாவுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. "மாப்பிள்ளைக்கு எதுக்கு ஓட்டப்பந்தய ஷூ" என்று கேட்கிறாள்.

இனி எழுதப் போவதுதான் எழுத வேண்டியது.

வியாழக்கிழமை மணி ஏன் அடிக்கவில்லை? தண்ணீர் குறைந்தால் அடிக்கத்தானே அந்த மணி இருக்கிறது. வெள்ளிக்கிழமை இவர் அதன் மூடியைத் திறந்து பார்த்தார், உள்ளே கம்பியை அறுத்து நுனியில் டேப் சுற்றியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நீல டேப் துண்டை எடுத்துப் பகடைப் பெட்டியின் பக்கத்தில் வைத்தார். கை கழுவப் போய்விட்டார். பகடைப் பெட்டியின் மூலையில் நீ ஒட்டியிருக்கிற அதே நீல டேப். பிரிப்பதற்குச் சுலபமாக நுனியை முக்கோணமாக மடித்து விட்டிருப்பாயே, அந்த மடிப்பும் அப்படியே இருக்கிறது. உலகத்தில் வேறு யாரும் டேப்பை அப்படி மடித்து நான் பார்த்ததில்லை.

நீ ஏன் அந்தக் கம்பியை அறுத்தாய் என்று எனக்குத் தெரியும். உள்ளே தண்ணீர் மட்டத்தோடு இறங்கி மணியை அடிக்க வைக்கும் மிதவை கெட்டுப்போயிருக்கிறது, மணி காரணமில்லாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கும். இவரும் கம்பியைச் சேர்த்துப் பார்த்தார், நிற்காமல் அடித்தது, வேறு வழியில்லாமல் மறுபடி பிரித்துவிட்டார். பாய்லரை ஒரு நாள் முழுக்க ஆற வைத்துத் திறந்தால்தான் சரிசெய்ய முடியும். உன் காலத்தில் அதற்கு நாள் கொடுக்கவில்லை. மணி எதற்கு, நான்தான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேனே என்று நீ நினைத்திருப்பாய். உட்கார்ந்தும் இருந்தாய். உன்னைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று பேரை ஜெயிக்க வைக்க நான் ஒரு வரியை அடித்தேன், ஒரு சத்தத்தை நிறுத்த நீ ஒரு கம்பியை அறுத்தாய். அம்மா பெற்ற இரண்டுமே ஒரே மாதிரி.

ஆனால் மாதா மாதம் பதிவேட்டில் "மணி: சரி" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். நீ போன பிறகு உன்னை நம்பி இவரும் அதையே பார்த்து எழுதியிருக்கிறார். கடைசிக் கையெழுத்து இப்போது இவருடையது.

பாய்லர் இன்ஸ்பெக்டர் இருபத்தொன்பதாம் தேதி வருகிறார். பதிவேட்டைப் பார்ப்பார், சரி என்று இருந்தால் மூடியைத் திறக்க மாட்டார். அவருக்கு எழுதுங்கள் என்று இவரிடம் கெஞ்சினேன். இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மச்சானோட பாய்லர் சர்டிபிகேட் போயிடும். அத வெச்சுத்தான் அங்க கப்பல்ல வேலை பாக்குறாரு. அவரு எனக்குத் தொழில் கத்துக் கொடுத்தவரு. நான் ஓடிக்கிறேன், விடு." உனக்காக ஓடுகிறார் அண்ணா. நீ சொல்லாமல் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

நான் எழுதலாம். மூடியைத் திறந்து பாருங்கள் என்று ஒரு வரி போதும். ஆனால் யார் அறுத்தது என்று நான் எழுதப் போவதில்லை. அப்போது பழி கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழும். இருபத்தைந்தாம் தேதி வரைக்கும் பொறுப்பேன். அதற்குப் பிறகு எழுதிவிடுவேன், இவர் தலையில் விழுந்தாலும் சரி. தலை இருந்தால்தானே பழி விழும்.

அதுவரைக்கும் என்ன செய்வது என்று கேட்பாய். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் நான் ஸ்டோரைப் பூட்டிவிட்டுப் போய், இவர் திரும்பி வரும் வரை உன் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்க்கிறேன். மட்டம் குறைந்தால் கத்துவேன், தீயை அணைக்கும் கைப்பிடியையும் காட்டிக் கொடுத்திருக்கிறார். பட்டறையில் முதலுதவி தெரிந்த ஒரே ஆள் அந்த நேரம் பாய்லர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மருந்துப் பெட்டி மறு கோடியில் பூட்டியிருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது. வைத்தியர் குகைக்குள் முதல் ஆளாகப் போகக் கூடாது என்று ஏன் விதி போட்டாய் என்று அன்றைக்கு உன்னிடம் சண்டை போட்டேன். இப்போது உட்கார்ந்திருக்கும்போது அது நன்றாகப் புரிகிறது.

இந்த உறைக்குள் அந்த நீல டேப் துண்டை வைத்திருக்கிறேன். கீழே விழுந்துவிடாமல் பிரி. அந்தக் கம்பியை யார் அறுத்தது என்று சொல்ல இங்கே இனி வேறு அத்தாட்சி இல்லை. உன்னிடமே கொடுத்துவிட்டேன். கடலில் போட்டாலும் நான் கேட்க மாட்டேன். என் அண்ணன் போட மாட்டான் என்றுதான் அனுப்புகிறேன்.

எனக்கு எழுத வேண்டாம். இவருக்கும் எழுத வேண்டாம். இன்ஸ்பெக்டர் ஆபீஸ் விலாசத்தைத் தனித்தாளில் எழுதி, தபால்தலை ஒட்டிய உறையும் சேர்த்திருக்கிறேன். சர்டிபிகேட் போனால் வீட்டுக்கு வந்துவிடு. உன் அறை அப்படியே இருக்கிறது, பொத்தானும் அதே இடத்தில் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர் சாப்பிடுவதில் நீயும் சாப்பிடலாம்.

நீ போகிற கடலெல்லாம் அமைதியாக இருக்கட்டும். இயந்திர அறையில் உன் பக்கத்தில் இன்னொரு ஆள் எப்போதும் இருக்கட்டும். கரையில் இறங்கியதும் முதல் வேலையாக அந்த உறையைத் தபால்பெட்டியில் போடு, மற்றதெல்லாம் அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

நாளை திங்கள். பதினோரு மணிக்கு முதல் தொட்டி. நான் போய் உட்கார வேண்டும்.

உன் அன்புத் தங்கை,
வாலு